போனக்காட்டு ரோட்டில் நம் லாரி

அத்தான்,

இன்று காலை ஆரியசாலையில் நான் கணக்கெழுதும் அரிசி மண்டிக்கு ஒரு புது லாரி வந்து நின்றது. முதலாளி அதன் முகப்பில் மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார். சாலைக்கடைத் தெருவில் பாதிப்பேர் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். எல்லாரும் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து இறங்கினார்கள். என்னையும் ஏறச் சொன்னார் முதலாளி. மறுத்தால் நன்றாக இருக்காது என்று ஏறினேன். கதவைச் சாத்தியதும் அந்த வாசனை வந்து மூக்கில் அறைந்தது. புதுப் பெயின்ட்டும் புது ரப்பரும், இதுவரை யார் முதுகும் படாத இருக்கைத் தோலும் கலந்த வாசனை. தலை சுற்றுகிறது என்று ஏதோ சொல்லிவிட்டு இறங்கி, உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாசனையை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் முகர்ந்திருக்கிறேன். அப்போது எனக்கு இந்தப் பக்கம் நீங்கள் இருந்தீர்கள், அந்தப் பக்கம் அக்கா.

உங்களிடம் பேச வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. வீட்டில் அக்காவிடம் இதையெல்லாம் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு பேரூர்க்கடைக்குக் குடிவந்தபோதே நம் பழைய லாரி உங்களுடையதாகிவிட்டது. எங்கோ ஒரு தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்ததை வாங்கியிருந்தீர்கள். பச்சை நிறம் என்று சொல்வீர்கள். எனக்கு அது எப்போதும் மண் நிறமாகத்தான் தெரிந்தது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் 'கிழவன்'. ஊரில் வேலை கிடைக்காமல் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்த என்னைச் சும்மா உட்கார வைக்காமல் பக்கத்தில் ஏற்றிக்கொண்டீர்கள். சரக்கை எண்ணி ஏற்றுவதும் எண்ணி இறக்குவதும் என் வேலை. ஆரியசாலையில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கருவாடு ஏற்றிக்கொண்டு நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காட்டுத் தோட்டத்துக்கு ஏறுவோம். இறங்கும்போது தேயிலைப் பெட்டிகள். மேலே லயங்கள் என்கிற கூலி வரிசைவீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். நம் லாரியின் சத்தம் கேட்டதும் பெண்கள் கொழுந்துக்கூடையோடு ரோட்டோரத்துக்கு வந்து, ஊரிலிருந்து யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினார்களா என்று கேட்பார்கள். நீங்கள் வண்டியை மெதுவாக்கி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே போவீர்கள். வண்டி மெதுவாகப் போனதற்கு அது மட்டுமே காரணம் இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும்.

கிழவனுக்கு ஏற்றம் ஆகாது. வளைவுக்கு வளைவு ரேடியேட்டர் கொதிக்கும். ஓடையிலிருந்து நான் தகரத்தில் தண்ணீர் பிடித்து வருவேன்; நீங்கள் துணியைச் சுற்றி மூடியைத் திருகுவீர்கள். ஆவி அடங்கும் வரை இருவரும் பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவோம். இறங்கும்போது மட்டும் உங்கள் வாயில் வெற்றிலை இருக்காது, பேச்சும் இருக்காது. ஒருமுறை ஏன் என்று கேட்டதற்கு, "மாப்ளே, ஏறுறது எஞ்சினுக்க வேலை. எறங்குறது நம்ம வேலை" என்றீர்கள்.

வைகாசிக் கடைசியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்திருந்த ஒரு நாள் அந்த ஏற்றமே நம்மைக் கைவிட்டது. விதுராவைத் தாண்டிச் செங்குத்தான இடத்தில் அடியில் ஏதோ மரம் முறிவதுபோல் சத்தம் கேட்டது. பின் ஆக்சில் உடைந்துவிட்டது. மூட்டைகளோடு வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. நீங்கள் பிரேக்கை மிதித்தபடியே ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டியின் பின்பக்கத்தை மலைச்சரிவில் கொண்டுபோய் முட்டவைத்தீர்கள். இன்னொரு பக்கம் ஒடித்திருந்தால் பள்ளம். நான் குதித்துக் கையில் அகப்பட்ட கல்லையெல்லாம் சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். கடைசியில் நீங்கள் இறங்கி வந்து, மழையில் நின்றபடி கிழவனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வண்டியைக் கீழே இழுத்து வரவே பெரும்பாடாகிவிட்டது. தம்பானூரில் ஷெட் வைத்திருந்த மேஸ்திரி அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார். மலையாளம் பாதி, தமிழ் பாதியாகத்தான் அவர் பேசுவார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆக்சில் மாத்தித் தராம். எஞ்சினும் சரியாக்கித் தராம். பட்சே சேசிஸ் தளர்ந்து போச்சு அண்ணாச்சி. அதுக்கு நான் ஒண்ணும் செய்ய ஒக்காது" என்றார். வண்டியின் அடிச்சட்டமே தளர்ந்துவிட்டது, பழுது பார்த்தால் கொஞ்ச காலம் ஓடும், எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள் என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பிடும்போதும் அதுதான், கிணற்றடியிலும் அதுதான். பழசைச் சரிபண்ணுவதா, புதுசு வாங்குவதா. நீங்கள் ஒருநாள் அந்தப் பக்கம் பேசுவீர்கள், மறுநாள் இந்தப் பக்கம். கிழவனின் ஒவ்வொரு முனகலும் எனக்குப் பழக்கம், புதுசு என்றால் அதை முதலிலிருந்து கற்க வேண்டும் என்பீர்கள். உடனே, பள்ளத்தில் போய் விழுந்த பிறகு பழக்கம் எதற்கு என்று நீங்களே சொல்வீர்கள். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிற அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"இனி அத வச்சு மலை ஏறாண்டாம். புதுசே வாங்கிருவோம். நான் வாசல்ல நின்னு நின்னு ரோட்டப் பாத்தது போதும்."

பாளையத்தில் லாரி விற்கிற கம்பெனிக்கு மூவரும் போனோம். அக்கா கல்யாணப் புடவையை உடுத்தியிருந்தாள். அங்கே காட்டுவதற்காக ஒரே ஒரு லாரி நின்றது. அதில் நம்மை ஏற்றி உட்கார வைத்தார்கள். அந்த வாசனையை அங்கேதான் முகர்ந்தேன். நீங்கள் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தீர்கள், திருப்பவில்லை. அக்கா இருக்கையை விரலால் தடவிவிட்டு, அழுக்காகிவிடுமோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் பேசிக்கொண்டே வந்தீர்கள். புது வண்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அக்காவிடம் கேட்டீர்கள். நீலம் என்றாள். அந்த ஒரு மாலை முழுக்க நாம் சந்தோஷமாக இருந்தோம் அத்தான். அதை நான் மறக்கவில்லை.

நமக்கான வண்டி கப்பலில் வரவேண்டும் என்றார்கள். பெயரைப் பதிந்துகொண்டு முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். அதுவரை சமாளிக்கக் கிழவனுக்கு ஆக்சில் மட்டும் மாற்றி, மலைக்குக் கொண்டுபோகாமல் டவுனுக்குள்ளேயே ஓட்டினீர்கள். ஓணம் வந்தது. ஓணம் முடிந்த கையோடு சீமையில் யுத்தம் தொடங்கிவிட்டதாகப் பேப்பரில் வந்தது. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அன்று நினைத்தோம். கப்பல் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒருநாள் கூப்பிட்டு, வருகிற லாரி எல்லாம் பட்டாளத்துக்குத்தான் போகும், எப்போது உங்கள் முறை வரும் என்று எங்களுக்கே தெரியாது என்று வருத்தத்தோடு சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெயர் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கம்பெனிக்காரர் பாவம், தம் கைக்கு எட்டாத காரியத்துக்காக நம்மிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆக, நாம் வேண்டாம் என்று முடிவு செய்த காரியத்தையே செய்யும்படி ஆயிற்று. மேஸ்திரி கிழவனைப் பிரித்துப் போட்டுப் பழைய சாமான்களைத் தேடிப்பிடித்து எஞ்சினைச் சரிபண்ணினார். சேசிஸுக்கு இரும்புப் பட்டை வைத்து இறுக்கினார். நாம் மறுபடியும் மலை ஏறினோம்.

பிறகு பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. எல்லா வண்டிகளுக்கும் செய்ததுபோல நம் வண்டிக்கும் கேபினுக்குப் பின்னால் ஆளுயரத்தில் ஒரு கரி அடுப்பை மாட்டினார்கள். கரியைப் போட்டுப் புகையவிட்டு, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்ட வேண்டும். காலையில் அதை மூட்டிக் கிளப்புவதற்குள் எனக்குக் கை முழுக்கக் கறுத்துவிடும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற வண்டி, கரியில் இன்னும் இளைத்தது. ஏற்றத்தில் நான் இறங்கிக் கூடவே நடந்து வந்தேன். நடந்து போகிற எனக்குப் பின்னால்தான் லாரி வந்தது. "கிழவனுக்குச் சுருட்டுப் பழக்கம் வந்துட்டு" என்று நீங்கள் சிரித்தீர்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனதும் எல்லாமே மாறிவிட்டது. டவுனிலேயே ஜனங்கள் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவில் ரூட்டில் பஸ் ஓட்ட உங்களுக்கு ஒரு வேலை வந்தது. மாதச் சம்பளம், சமதளத்து ரோடு. கிழவனைப் பிரித்துச் சாமான்களாக வாங்கிக்கொள்ளவும் ஆள் தயாராக இருந்தது. மேஸ்திரியும் இந்த முறை, இதுக்கு மேல பழுது பாக்கண்டா அண்ணாச்சி என்று நேராகவே சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடச் சொல்லி அக்கா கெஞ்சினாள். நானும் அவள் பக்கம்தான் இருந்தேன். சரி என்று நீங்களும் தலையசைத்தீர்கள். ஒப்புக்கொண்ட சரக்கை மட்டும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

மேலே போனபோது லயத்து வாசலில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நினைவிருக்கும் உங்களுக்கு. கொழுந்தெடுக்கிற பெண்களில் எப்போதும் முதல் ஆளாக ரோட்டுக்கு வந்து நம்மை வம்புக்கு இழுப்பாளே, அவள்தான். அன்று அவள் எழுந்து வரவில்லை. மடியில் அவள் மகள் சுருண்டு படுத்திருந்தாள். வாரக்கணக்காக மரச்சீனிக் கிழங்கு மட்டும்தான், அதுவும் ஒரு வேளைக்கு என்றார்கள். தோட்டத்துக்கு அரிசி ஏற்ற வேறு லாரிகள் மறுத்துவிட்டன. டயர் தேய்கிறது, கரியில் ஏறாது என்று ஆளுக்கொரு காரணம். பொய்யில்லை, எல்லாம் உண்மையான காரணங்கள்தான்.

இறங்கி வந்து வீட்டில் வண்டியை நிறுத்தியதும் அக்காவிடம், "நாம போகலேன்னா அங்க உலை ஏறாது. யுத்தம் தீரட்டு. அதுவரைக்கும் இத வச்சுச் சமாளிக்கேன்" என்றீர்கள். அக்கா உங்களுக்கு வெந்நீர் விளாவ உள்ளே போனாள். வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அந்தக் குழந்தையை நானும் பார்த்திருந்தேன்.

அடுத்த நாள் மேஸ்திரியிடம் போனீர்கள். தலையில் அடித்துக்கொண்டே அவர் மறுபடியும் பழுது பார்த்தார்.

அதற்குப் பின் வந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நீங்கள் கடைசியாக அறியாமல் போனது அது ஒன்றுதான், அதனால் சொல்லத்தான் வேண்டும்.

பகல் பொழுது. வண்டி நிறைய அரிசி. தோட்டத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் ரோட்டின் குறுக்கே மண் சரிந்து கிடந்தது. நடந்து போய்த் தோட்டத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவரும்படி என்னை அனுப்பினீர்கள். அடுப்பை அணைத்தால் மறுபடி மூட்டிக் கிளப்புவது அந்த மழையில் நடக்காது என்று அதைப் புகையவிட்டிருந்தீர்கள். சாரல் அடிக்கிறது என்று கேபினின் இரண்டு பக்கமும் தார்பாலினை இறக்கிக் கட்டிக்கொண்டீர்கள். "சீக்கிரம் வா மாப்ளே, அரிசி நனஞ்சிரும்" என்றீர்கள். நான் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

மண்வெட்டிகளோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது நீங்கள் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்திருந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். முகம் களைப்பில்லாமல், சிவந்து, நன்றாக இருந்தது. தோளைத் தொட்டு, அத்தான் என்று கூப்பிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டேன்.

தோட்டத்து டாக்டர் வந்து பார்த்தார். கரிவாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தூக்கம் வருவதுபோல்தான் இருந்திருக்கும், வலியே இருந்திருக்காது என்று சொன்னார். அடுப்பின் தகட்டில், கேபினை ஒட்டி வெளியே தெரியாத இடத்தில், ஒரு விரிசல் விட்டிருந்தது. அந்த ரோட்டுக் குலுக்கலில் எந்த வண்டிக்கும் விடக்கூடியதுதான்.

மண்ணை அகற்ற நேரமாகும் என்று, ஆட்கள் அரிசி மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு சரிவைத் தாண்டி ஏறினார்கள். அந்த ஆட்களிலேயே நாலைந்து பேர் உங்களைத் தூக்கி வந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது, இசக்கியம்மாள் என் எதிரில் வந்து நின்றாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"தம்பி, புள்ளைக பசியில கெடக்கு. நாங்க உலை வச்சிட்டோம். தப்பா நெனச்சுக்கிடாத."

வையுங்கள், அதற்குத்தான் கொண்டு வந்தார் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் லயங்களின் பக்கமிருந்து சோறு கொதிக்கிற மணம் வந்தது. எனக்கும் பசித்தது அத்தான்.

அக்காவிடம் போய்ச் சொன்னதை எழுதப் போவதில்லை.

யுத்தம் தீர்ந்தது. நீங்கள் காத்திருக்கச் சொன்ன அந்த முடிவு வந்தபோது நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். பாளையத்துக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. பழைய பதிவில் உங்கள் பெயர் மேலேயே இருக்கிறதாம், இப்போது வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன, வேண்டுமா என்று கேட்டார். கேட்டவருக்கு நடந்தது தெரியாது. அதே வாரத்தில் மேஸ்திரியும் வந்தார். மலையிலிருந்து இழுத்து வந்து கொட்டகையில் விட்டிருந்த கிழவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இப்பவும் ஓடும் கேட்டோ" என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

மறுபடியும் அதே கேள்வி. பழசைச் சரிபண்ணுவதா, புதுசு வாங்குவதா. என்னால் ஓட்ட முடியாது. நீங்கள் சொல்லிக்கொடுக்கப் பார்த்தும் என் கை பயத்தை விடவில்லை. டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். ஆளும் வந்தார். நல்ல மனிதர், கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தாள், ஊரை விசாரித்தாள், அனுப்பி வைத்தாள். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"வண்டி பழசோ புதுசோ, அந்தப் பிள்ளைக்க பொண்டாட்டி வாசல்ல நிக்கணும். நான் ஒருத்தி நின்னது போதும். ஒண்ணும் வேண்டாம் தம்பி."

அவ்வளவுதான். பழுதும் பார்க்கவில்லை, புதுசும் வாங்கவில்லை. இரும்புக்காரர்கள் வந்து கிழவனைக் கொட்டகையிலேயே வைத்துப் பிரித்தார்கள். எஞ்சின் நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு மாவு மில்லுக்குப் போனது. அவர்கள் வெட்டி முடிக்கும் வரை அக்கா அவர்களுக்கு மோர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் மண்டியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். போனக்காட்டுக்கு இப்போது வேறு யார் யாரோ லாரி ஓட்டுகிறார்கள். ரோட்டையும் அகலப்படுத்திவிட்டார்களாம். நான் போய்ப் பார்த்ததில்லை.

சில சமயம் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிறேன். எந்த இடத்தில் நாம் பிசகினோம் என்று தேடுகிறேன். புது லாரி வந்திருந்தால் பட்டாளம் எடுத்துக்கொண்டு போயிருக்கும்; விட்டுவைத்திருந்தால் அதற்கும் கரி அடுப்பைத்தான் மாட்டியிருப்பார்கள். பஸ் வேலைக்குப் போயிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள். ஆனால் இசக்கியம்மாளின் மகள் இருந்திருப்பாளா, தெரியாது. அவள் இப்போது அம்மாவோடு கொழுந்தெடுக்கிறாளாம். மூன்று பேரும் ஒவ்வொரு முறையும் நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்தோம். ஒரு தப்பு அகப்பட்டால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். அகப்படவில்லை. மற்றவர்களுக்கு வருத்தம் என்றால் அதைத் தூக்க ஏதாவது ஒரு பிடி இருக்கும். என்னுடையதில் அதுவும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் தினமும் மண்டிக்குப் போய் வருகிறேன்.

அக்கா இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. சமைக்கிறாள், எனக்குப் பரிமாறுகிறாள், அதிகம் பேசுவதில்லை. நம் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கிழக்கே மலை தெரியும் அல்லவா, அந்தக் கதவை அவள் இப்போது திறப்பதே இல்லை. துணி காயப்போடுவதுகூட முன்வாசலில்தான். ஆனால் வானம் மூடிக்கொண்டு வருகிற சாயங்காலங்களில், நான் மண்டியிலிருந்து வந்து கால் கழுவும்போது, அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்.

"மலையில மழையாடே?"

நான் பின்கதவைத் திறந்து பார்ப்பேன். மலையே தெரியாதபடி அங்கே கொட்டிக்கொண்டிருக்கும்.

"இல்லக்கா, நல்ல வெயிலு" என்பேன்.